பங்காளி வண்டிகளும் ஓட்டுநர் பள்ளி வாத்தியாரும்

மார்ச் மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, கண்ணாடிக்காரர் தம்முடைய புதிய காரின் பின்கதவில் முன்பின் தெரியாத ஒருவரின் உள்ளங்கை ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். நேரம் அவ்வளவு துல்லியமாக நினைவில் நின்றதற்குக் காரணம் உண்டு. ஏழு மணிக்குத்தான் அவர் அந்தக் காரைக் கழுவி, மெல்லிய துணியால் ஈரம் ஒற்றி, பெட்ரோல் பங்கின் பின்புறத்துக் காலியிடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். துணி காய்வதற்குள் கைரேகை விழுந்துவிட்டது.

"தொடாம பாக்கலாமே" என்றார், குரலை அடக்கிக்கொண்டு.

"தொடாம பாத்தா பெயின்ட் மட்டும்தான் சார் தெரியும்" என்றார் அந்த மனிதர், கையை எடுக்காமலேயே. ஒல்லியான உடம்பு, இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. பின்கதவு, முன்கதவு, முன்சக்கரத்தின் மேல்வளைவு என்று தடவிக்கொண்டே நடந்து, என்ஜின் மூடியருகே வந்து நின்றார். "நல்ல வண்டி. ஆனா நீங்க குடுத்த காசுல பாதி இந்த மூக்குக்குப் போயிருக்கு. மூக்கைக் கழட்டிட்டா, உள்ள இருக்கிறது டாக்சி ஸ்டாண்டுல நிக்கிற அதே ஆளுதான்."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. ஊர்க்காரர்களின் மூக்குகளின்மேல் கண்ணாடி மாட்டியே மூன்று கடைகளுக்கு முதலாளியானவர் அவர். அந்தச் சேமிப்பில் வாங்கிய நடுத்தர அளவுச் சொகுசுக் கார் அது. அதன் மூக்கைப் பற்றி ஒருவர் இப்படிப் பேசினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"டாக்சியா? சார், இது என்ன வண்டின்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். அதுவும் இதுவும் பங்காளிங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "வாத்தியார் ஆரம்பிச்சுட்டார்யா, காப்பி சொல்லுங்க" என்றது ஒரு குரல். இப்படித்தான் கண்ணாடிக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் வந்து சேர்ந்தார். வந்த முதல் நாளே வாத்தியாரின் பகைவராகவும் ஆனார். அந்தப் பகைதான் பின்னர் இருவருக்கும் கிடைத்த ஒரே நெருங்கிய நட்பாயிற்று.

வாத்தியார் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவரல்லர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியொன்றில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கூரைமேல் பலகை மாட்டிய சின்னஞ்சிறிய கார். கற்பவர் ஓட்டுநர் இருக்கையில் வியர்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து இருக்கையில் இவர். இவருடைய காலடியில் இன்னொரு பிரேக்கும் இன்னொரு கிளட்சும் உண்டு. வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தப் பக்கத்து இருக்கையிலேயே கழித்துவிட்டார். "கிளட்சை விடுங்க, இன்னும் விடுங்க, உங்க மாமியார் கழுத்து இல்ல அது" என்று அவர் அலுக்காமல் சொல்லிச் சொல்லியே பாதி ஊர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது. அவருக்கென்று சொந்தமாக இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர் மட்டும்தான்.

அந்தக் கூட்டத்தில் காரே இல்லாமல் கார்களைப் பற்றிப் பேசியவர் அவர் ஒருவரே. மற்றவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு சொகுசுக் காரைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தி, என்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, காகிதக் குவளையில் காப்பியுடன் வாதாடுவார்கள். அவர்களுக்குள் ஒரு தனிமொழியே உருவாகியிருந்தது. ஒரே பிளாட்ஃபார்மில், அதாவது ஒரே அடிக்கட்டுமானத்தின்மேல் எழுப்பிய இரண்டு கார்கள் பங்காளிகள். ஒரு நிறுவனம் இன்னொன்றிடமிருந்து என்ஜினை வாங்கிப் பொருத்தியிருந்தால் அவை சம்பந்திகள். கியர் பெட்டி மட்டும் பொதுவாக இருந்தால் சகலைகள். பழைய காருக்கு முகத்தை மட்டும் மாற்றிப் புதியது என்று விற்றால் அது இரண்டாம் கல்யாணம். இந்த உறவுமுறைகளையெல்லாம் வகுத்தவர் வாத்தியார்தான். யார் யாருக்குப் பங்காளி என்ற வழக்கில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் கரைந்துபோகும்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அங்கே வருவார். ஆறு சிலிண்டர் என்ஜின்தான் அவருக்குக் கடவுள்.

"ஆறை எடுத்துட்டு நாலைப் போட்டாங்க பாருங்க, அன்னிக்கே சொகுசு செத்துப்போச்சு. இப்ப ரோட்டுல ஓடுறது அதோட ஆவி" என்பார் வங்கிக்காரர்.

"ஆவி நல்லா மைலேஜ் குடுக்குதே சார்" என்பான் டர்போ. மென்பொருள் வேலை பார்ப்பவன். மூச்சு விடாமல் பேசுவதால் வந்த பட்டப்பெயர் அது.

"சிரி, சிரி. நாளைக்கு மூணு சிலிண்டர் போட்டுக் குடுப்பான், அதையும் வரிசையில நின்னு வாங்கு."

இந்த இரைச்சலுக்கு நடுவே வாத்தியாருக்குள் ஒரு செய்தி உட்கார்ந்திருந்தது. அதை அவருடைய மனைவியைத் தவிர யாரும் அறியவில்லை. அவருடைய பார்வை சுருங்கிக்கொண்டு வந்தது. நடுவில் இருப்பது தெளிவாகவே தெரியும். எதிரே போகும் வண்டியின் எண்பலகையை இளைஞர்களுக்கு முன்பே படித்துவிடுவார். ஓரங்கள்தாம் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயின. முதலில் இருட்டில் தடுமாற்றம்; பிறகு பகலிலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் திரை இழுத்ததுபோல. அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அண்ணன் இப்போது மகன் வீட்டில் வானொலிப் பெட்டியருகே ஒரு நாற்காலியில் இருந்தார். தமக்கும் அந்த நாற்காலி காத்திருக்கிறது என்பது வாத்தியாருக்குத் தெரியும். அது எப்போது என்பது மட்டும் தெரியாது. அதுவரை ஓட்டுநர் உரிமத்தைக் கையிலிருந்து நழுவவிடக்கூடாது. உரிமம் போனால் வேலை போயிற்று. வேலை போனால் மருந்துக்கடையில் பில் போடும் மனைவியின் சம்பளத்தில் மகளின் படிப்பும் வீட்டு வாடகையும் நடக்க வேண்டும்.

இன்னோர் ஆசையும் அவருக்கு இருந்தது. எதைப் பற்றி இத்தனை ஆண்டுகள் வாதாடினாரோ, அந்த வகைக் கார் ஒன்றை நெடுஞ்சாலையில் ஒரே ஒரு முறை முழுமையாக ஓட்டிவிட வேண்டும். டர்போ பலமுறை சாவியை நீட்டியதுண்டு. "ஓசியில ஓட்ட மாட்டேன் தம்பி. ஜெயிச்சு ஓட்டுவேன்" என்று மறுத்துவிட்டார்.

கார்களைக் கையால் தடவிப் பார்ப்பது தொடக்கத்தில் அவருக்கு வெறும் பழக்கமாகத்தான் இருந்தது. அந்தப் பழக்கம் எந்த ஆண்டில் தேவையாக மாறியது என்பதை அவரே சொல்லியிருக்க மாட்டார். வரிசையில் நிற்கும் கார்களின் உடம்பைத் தொட்டுக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவார். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் ஒரு கணம் நின்று, கையை நீட்டி, அடுத்ததைத் தேடுவார். இரண்டு கதவுகளுக்கு இடையில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கூடியிருந்தால் சண்டைக்கு வரும் அந்தக் கூட்டத்துக்கு இதில் எந்தச் சந்தேகமும் எழவில்லை. அது ஞானமென்றே நம்பினார்கள். "வாத்தியார் விரல்ல மைக்ரோமீட்டர் வச்சிருக்கார்" என்றான் டர்போ. சில வாரங்களில் அவனும் கண்ணை மூடிக்கொண்டு கார்களைத் தடவலானான். அவனைப் பார்த்து இன்னும் இருவர். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் வாத்தியாரைத் துணைக்கு அழைத்துப் போனார்கள். சில முறை மறுபூச்சைக் கண்டுபிடித்தார். ஒரு முறை பம்பர் விரிசலைக் கோட்டைவிட்டு வசவும் வாங்கினார்.

வங்கிக்காரர் மட்டும் அவரோடு சில மாதங்கள் பேசாமல் இருந்தார். "கை குடுத்தேன்யா. பக்கத்துலதான் நிக்கிறேன். பாக்காத மாதிரி மூஞ்சியை நேரா வச்சுக்கிட்டு நிக்கிறார். என்ன திமிரு பாருங்க" என்று கண்ணாடிக்காரரிடம் முறையிட்டார். கண்ணாடிக்காரரும் "அவர் அப்படித்தான்" என்று சமாதானம் சொன்னார். நாள் முழுவதும் கண்களைப் பார்த்தே பிழைக்கிற மனிதர் அவர்.

பங்காளி வழக்கு உச்சத்துக்கு வந்த நாளில்தான் அந்தப் பந்தயம் பிறந்தது. தம் காருக்கும் டாக்சிக்கும் என்ஜின் ஒன்றாகவே இருந்தாலும், உட்கார்ந்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும் என்று கண்ணாடிக்காரர் அடித்துப் பேசினார்.

"உங்களுக்குத் தெரியிறது தோல் சீட்டும் வாசனையும் சார். கண்ணைக் கட்டிவிட்டா ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் வாத்தியார்.

"கட்டிப் பாருங்க. நான் தோத்தேன்னா என்ன வேணும் சொல்லுங்க."

"இந்த வண்டியை நான் ஓட்டணும். இங்கேருந்து அணைக்கட்டு வரைக்கும், மறுபடி இங்க வரைக்கும். நீங்க பக்கத்து சீட்டுல. வாயைத் திறக்கக் கூடாது."

"சரி. நான் ஜெயிச்சா நீங்க ஒரு மாசம் பங்காளிங்கற வார்த்தையைச் சொல்லக் கூடாது."

"ஐயையோ, அவர் செத்தே போயிடுவார்" என்றான் டர்போ.

வங்கிக்காரர் தம் மருமகனின் டாக்சியைக் கொண்டுவந்தார். இரண்டு கார்களின் இருக்கைகளிலும் ஒரே மாதிரியான போர்வையை விரித்தார்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு வாசனை போக்கினார்கள். பிறகு கண்ணாடிக்காரரின் கண்களைத் துண்டால் இறுக்கிக் கட்டி, தலையை அழுத்திப் பின்இருக்கையில் ஏற்றினார்கள். வாத்தியார் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். டர்போ ஓட்டினான்.

முதல் திருப்பத்திலேயே கண்ணாடிக்காரர் ஒரு பக்கமாகச் சரிந்தார். எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று தெரியவில்லை. கைப்பிடியைத் தேடிய கை காற்றைத் துழாவியது. "டேய், மெதுவா போடா, எதிர்ல லாரி வருதா?" என்றார்.

"ரோடு காலியா இருக்கு சார்" என்றான் டர்போ சிரித்துக்கொண்டே.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து வாத்தியாரின் கை வந்து அவருடைய கையைப் பிடித்து, கைப்பிடியில் வைத்தது. "பயப்படாதீங்க சார். முதல்ல அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நாள்ல காது முன்னால வந்துடும்" என்றார் தணிந்த குரலில்.

நாள் என்றார், நிமிடம் என்று சொல்லவில்லை. கண்ணாடிக்காரருக்கு அது உறைக்கவில்லை. ஒரே சாலையில் இரண்டு கார்களிலும் போய் வந்து, துண்டை அவிழ்ப்பதற்கு முன்னர் அவர் தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டாவதுதான் என்னோடது. அந்த மிதப்பு போதும். டாக்சிக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது." துண்டை அவிழ்த்தார்கள். அவர் டாக்சியில் உட்கார்ந்திருந்தார்.

பெட்ரோல் போட வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள். வங்கிக்காரர் தம் மருமகனுக்கு அங்கேயே தொலைபேசியில் அழைத்து, "மாப்பிள்ளை, உங்க டாக்சியை ஒருத்தர் சொகுசு விலைக்குக் கேக்கிறார்" என்றார். வாத்தியார் மட்டும் சத்தமாகச் சிரிக்கவில்லை. தாம் வென்ற கார் எந்தத் திசையில் நிற்கிறது என்பதைக் கையால் தேடி, அதன் கூரைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எப்ப கிளம்பலாம்?" என்றார் கண்ணாடிக்காரர், தோற்றவருக்குரிய பெருந்தன்மையோடு.

"அடுத்த வாரம் பாக்கலாம் சார்."

அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் அணைக்கட்டுச் சாலையில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். பிறகு மகளுக்குத் தேர்வு, பிறகு முதுகுவலி, பிறகு, டயர் தேய்ந்திருக்கிறது, மாற்றியபின் போகலாம் என்று ஒரு காரணம். கண்ணாடிக்காரர் டயரை மாற்றினார். "வாத்தியாரே, வட்டி ஏறிக்கிட்டே போகுது. அப்புறம் என்னால குடுக்க முடியாது" என்று கிண்டல் செய்தார். "ஏறட்டும் சார், மொத்தமா வாங்கிக்கிறேன்" என்பார் வாத்தியார். அவருக்குப் பயம் வந்துவிட்டது என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அது பாதி உண்மை. பழகிய உள்ளூர்ச் சாலைகளில், தெரிந்த வேகத்தில், தம் காலடிப் பிரேக்கை நம்பி அவர் ஒருவாறு சமாளித்தார். நெடுஞ்சாலையில், இருபுறமும் வண்டிகள் விரைகையில், தம்முடைய கண்களின் உண்மை வெளிப்பட்டுவிடும் என்பதை அவர் அறிவார். பக்கத்து இருக்கையில் இருக்கப்போவதும் யார்? கண்ணைப் பார்த்தே பிழைப்பவர்.

உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய ஆண்டும் வந்தது. பார்வைச் சான்றிதழுக்காக வாத்தியார் கண்ணாடிக்காரரின் கடைக்கே வந்தார். வேறு கடைக்குப் போயிருக்கலாம். அவர் ஏன் அங்கே போனார் என்பதற்கு மனைவி பின்னாளில் ஒரு விளக்கம் சொன்னார், அது பிறகு.

ஒளிரும் எழுத்துப் பலகைக்கு எதிரே வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேல்வரியிலிருந்து தொடங்கி, கடைசியில் எறும்புபோல் இருந்த வரி வரைக்கும் தடங்கலின்றி வாசித்தார். மறு கண்ணாலும் அப்படியே.

"இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா! என் கடைக்கு நீங்க தண்டம் வாத்தியாரே" என்றார் கண்ணாடிக்காரர். "வேற ஏதாவது தொந்தரவு? ராத்திரியில?"

வாத்தியார் சற்றுத் தாமதித்தார். அந்தத் தாமதத்தைக் கண்ணாடிக்காரர் பின்னர் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தார்.

"ராத்திரியில யாருக்கு சார் சரியா தெரியுது? எதிர்ல வர்றவன் லைட்டைக் கண்ணுலயே அடிக்கிறான்."

"அதுவும் சரிதான்" என்று சிரித்து, ஓரப்பார்வையைச் சோதிக்கும் கருவி உள்ளறையில் துணி மூடிக் கிடக்க, கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போட்டார். "இனிமே எந்தச் சாக்கும் செல்லாது. அணைக்கட்டுக்குக் கிளம்புறோம்."

"பாக்கலாம் சார்" என்றார் வாத்தியார். வெளியே போகும்போது கதவருகில் இருந்த கண்ணாடி அடுக்கில் தோள் இடித்தது. "இடம் பத்தல உங்க கடையில" என்று சிரித்தார். கடைப்பெண் கீழே விழுந்த சட்டங்களைப் பொறுக்கினாள்.

அந்த ஆண்டே அது நடந்தது. ஒரு காலைப் பொழுதில், சிறிய காரில், ஒரு கல்லூரி மாணவி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். சந்தின் வாயிலிருந்து சைக்கிளில் ஒருவர் வந்தார். மாணவி திகைத்து ஸ்டீயரிங்கையே பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட கணத்துக்காகவே வாத்தியாரின் காலடியில் ஒரு பிரேக் இருந்தது. அவர் கால் அதன்மேல்தான் இருந்தது. ஆனால் சைக்கிள் அவருக்கு எதிரே வரவில்லை, பக்கவாட்டில் வந்தது. அவருக்கு அது இல்லவே இல்லை. இடித்த சத்தம் கேட்ட பிறகுதான் மிதித்தார்.

சைக்கிள்காரருக்குத் தோளெலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாணவி சாலையோரத்தில் உட்கார்ந்து, "நான்தான் சார், நான்தான்" என்று அழுதாள். "இல்லம்மா, உன் தப்பு இல்ல. நான் பாக்கல" என்று வாத்தியார் திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் உரிமத்தைப் பள்ளி முதலாளியின் மேசையில் வைத்தார். விசாரிக்க வந்த அதிகாரி, பார்வைச் சான்றிதழ் கொடுத்தது யார் என்று கேட்டபோது, "எழுத்து எனக்கு நல்லா தெரியும் சார். அவர் கேட்டார், நான்தான் சொல்லல" என்றார். அத்துடன் அந்தக் கேள்வி நின்றுவிட்டது.

செய்தி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. டர்போ தன் காரின் கதவைத் தடவிக்கொண்டிருந்தவன், சுட்டதுபோல் கையை எடுத்தான். வங்கிக்காரர், "நான் கை குடுத்தேனே" என்று ஆரம்பித்து, முடிக்காமல் காப்பிக் குவளையைக் கசக்கினார்.

கண்ணாடிக்காரர் அன்றே வாத்தியாரின் வீட்டுக்குப் போனார். இரண்டாவது மாடியில் இரண்டே அறைகள். நாற்காலிகள் எல்லாம் சுவரோடு ஒட்டி நின்றன. நடுவில் எதுவும் இல்லை. அலமாரியின் முனைகளில் பழைய துணி சுற்றியிருந்தது. வாத்தியார் உள்ளே படுத்திருந்தார். மனைவி கதவை ஒருக்களித்துவிட்டு வந்து பேசினார்.

"எட்டு வருஷமா எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

"என்கிட்ட வந்து உக்காந்தாரேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்கன்னுதான் அங்க வந்தார். 'அந்த மனுஷன் கண்டுபிடிச்சா விட்டுடறேன், வேற யார் சொன்னாலும் விட மாட்டேன்'னு சொல்லிட்டுப் போனார். திரும்பி வந்து, பாஸ் பண்ணிட்டேன்னு சொல்லிட்டு, அந்த மூலையில உக்காந்து அழுதார். சந்தோஷத்துல அழறார்னு நானும் நினைச்சுட்டேன்."

கண்ணாடிக்காரரால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

பிறகு அவர் தம்மால் இயன்றதையெல்லாம் செய்தார். பெரிய கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ஓர் இளம் மருத்துவர் கண்ணின் உட்புறப் படத்தைத் திரையில் காட்டி, தேய்ந்த இடங்களை விரலால் சுட்டி, இதைத் திருப்பிக் கொண்டுவரும் வழி இப்போதைக்கு இல்லை என்றார். நடுவில் எஞ்சியிருப்பதும் மெல்ல மறையும் என்றார். வாத்தியார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், தம் காரின் பழுதைப் பற்றி மெக்கானிக் சொல்வதைக் கேட்பதுபோல. மகளையும் ஒரு முறை பரிசோதித்துவிடலாம் என்று கண்ணாடிக்காரர் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். "தெரிஞ்சுக்கிட்டு என்ன மாமா பண்றது? அப்பா எட்டு வருஷம் தெரிஞ்சுக்கிட்டுத்தானே இருந்தார்?" என்றாள்.

பள்ளியில் வாத்தியாருக்குச் சாலைக் குறியீடுகளைக் கற்றுக்கொடுக்கும் வகுப்பைத் தந்தார்கள். பாதிச் சம்பளம். நடுப்பார்வையும் மங்கியபின், அட்டைகளை வரிசைப்படி அடுக்கி வைத்துக்கொண்டு, "இது இடப்பக்கம் திரும்பாதே" என்று சொல்வார். எவனோ ஒருவன் விளையாட்டாக அட்டைகளைக் கலைத்து வைத்த நாளோடு அதுவும் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குச் சில வாரங்கள் டர்போ அழைத்து வந்தான். ஆனால் அங்கே பேச்சு மாறியிருந்தது. எல்லாரும் அவர் முன்னால் வாயை அளந்து பேசினார்கள். அவர் தப்பாகச் சொன்னாலும் "சரி வாத்தியாரே" என்றார்கள். எதிர்த்துப் பேச ஆளில்லாத வாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு நாள், "உடம்பு முடியல" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டார். அதன்பின் அவரை யாரும் வற்புறுத்தவில்லை. அது அவர்களுக்கும் வசதியாக இருந்தது.

கண்ணாடிக்காரர் மட்டும் போய்க்கொண்டிருந்தார். ஒரு முறை துணிந்து கேட்டும் பார்த்தார்.

"பழைய விமான ஓடுதளம் ஒண்ணு சும்மா கிடக்கு வாத்தியாரே. ஆள் இல்ல, மரம் இல்ல. நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே வர்றேன், நீங்க ஓட்டுங்க."

"அது ஓட்டுறது இல்ல சார்."

"பின்ன என்ன?"

"உங்க காலடியில பிரேக் வச்சுக்கிட்டு நான் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறது. அப்படி உக்காந்தவங்களை எவ்வளவு பேரைப் பாத்திருக்கேன்." பிறகு, பேச்சை மாற்ற, "உங்க என்ஜின்ல செயின் சத்தம் வருது. தெருமுனையிலேயே கேட்டேன். ஆயில் மாத்தினீங்களா?" என்றார்.

"மாத்தினேன். டாக்சிக்காரன்கிட்டதான் ஆயில் ஃபில்டர் வாங்கினேன். அப்படியே பொருந்திடுச்சு."

"பொருந்தாம? பங்காளிதானே" என்றார் வாத்தியார். குரலில் வெற்றி இல்லை.

அந்தக் காரை மாற்றிவிடும்படி கண்ணாடிக்காரரின் மகன் நச்சரித்தான். பழுது பார்க்கும் செலவில் புதிதே வாங்கிவிடலாம் என்றான். அவர் கேட்கவில்லை. என்ஜின் அலறினாலும், குளிர்காற்றுப் பெட்டி நின்றுபோனாலும், அதையே ஓட்டிக்கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வாத்தியாரின் வீட்டுக்கு வந்தார். வந்ததும் சாவியைத் தம் பையில் போட்டுக்கொள்ளாமல், இருவருக்கும் நடுவில் உள்ள முக்காலியின்மேல், சத்தம் கேட்கும்படி வைப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். வாத்தியாரும் பேச மாட்டார். மனைவி காப்பி கொண்டுவருவார். அண்ணன் காலமானது, மகளுக்கு வேலை கிடைத்தது, மாடிப்படியில் விளக்கு எரியாதது என்று ஏதாவது ஓடும். இப்போது வாத்தியாருக்கு நடுவில் இருந்த வெளிச்சமும் ஒரு காசு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

கண்ணாடிக்காரர் விடைபெற்று எழுந்து வாசல்வரைக்கும் நடப்பார். முதுகுக்குப் பின்னால் ஒரு கை முக்காலியின்மேல் மெல்லத் துழாவும் ஓசை கேட்கும். சாவியின் தலையில் பதித்த சின்னத்தை ஒரு விரல் ஒரு கணம் வருடிப் பார்க்கும்.

"சாவியை மறந்துட்டுப் போறீங்களே சார்" என்று வாத்தியார் அதை அவர் இருந்த திசையில் நீட்டுவார்.